முப்பத்தேழாம் புள்ளி

அந்தக் குகையில் அவளுக்குத் தெரியாத மூலை கிடையாது. எங்கே குனிய வேண்டும், எங்கே வயிற்றால் ஊர வேண்டும், எந்தத் திருப்பத்தில் கூரை உயரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் உள்ளே ஒரு தடவைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. லிப்டில் ஏறினாலே மூச்சு முட்டுகிற ஆள் அவள். குகை வாயிலிலிருந்து முப்பதடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு மேசை, ஒரு கணினி, காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகத் தருகிற ஒரு மின்விசிறி. அவளுடைய குகை அந்தத் திரைக்குள்தான் இருந்தது.

ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஓடை இந்த மலைக்குள் புகுந்து எங்கெங்கே சுற்றுகிறது என்று குடிநீர் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. அளப்பதற்கு மூன்று பேர். அவள் கணவன், அவள் தம்பி, அப்புறம் எந்தப் பொந்துக்குள்ளும் நுழைந்துவிடுவதால் சுண்டெலி என்று பெயர் வாங்கிய ஒருவன். பாறையில் சிவப்புச் சாயத்தால் ஒரு புள்ளி வைப்பார்கள். அங்கிருந்து அடுத்த புள்ளிக்கு லேசர் கருவியால் தூரம், திசை, எத்தனை டிகிரி ஏற்றம் என்று மூன்று எண்கள் எடுப்பார்கள். சேறு அப்பிய நோட்டு சாயங்காலம் அவளிடம் வரும். அவள் எண்களைத் தட்டத் தட்ட மென்பொருள் புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துக்கொண்டே போகும். கோடுகள் சேர்ந்து குகையாகும். மவுஸைப் பிடித்து முழு மலையையும் குப்புறக் கவிழ்த்துப் பார்ப்பாள். அதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது, அதை அவள் மறைத்ததும் இல்லை. "நீங்க முட்டி தேய்ஞ்சு பாக்குறதை நான் டீ குடிச்சுக்கிட்டே பாக்குறேன்" என்பாள்.

குகையின் வயிற்றில் ஒரு பெரிய கூடம். அதற்குப் போக இரண்டு வழி: ஓடையோடு போகிற தாழ்ந்த வழி ஒன்று, காய்ந்த மேல் வழி ஒன்று. கூடத்தின் நடுவே ஓடை ஒரு ஆழமான பள்ளத்துக்குள் விழுந்து காணாமல் போகும். அந்தப் பள்ளத்தின் மேல், பஸ் அகலத்துக்கு ஒரு பாறை இரண்டு பக்கச் சுவரிலும் முட்டுக்கொடுத்துக் கிடந்தது. மேல்பக்கம் தட்டை. மூன்று பேரும் அதற்குக் கட்டில் என்று பெயர் வைத்து, சாப்பாட்டையும் குட்டித் தூக்கத்தையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். முப்பத்தேழாம் புள்ளி அதன் உச்சியில் இருந்தது.

மழைக்காலத்துக்கு முன்னால் அவள் கணவன் குகை வாயிலில் தொடங்கி ஓடை வழியாக அளந்துகொண்டே வந்து முப்பத்தேழாம் புள்ளியில் நிறுத்தினான். மழை முடிந்ததும் தம்பி அதே புள்ளியில் தொடங்கி மேல் வழியாகக் குகை வாயில்வரை அளந்து முடித்தான். கிளம்பிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். அதைத்தான் சுற்று மூடுவது என்பார்கள். கை நடுங்கும், கண் பிசகும், பத்து சென்டிமீட்டர் வரை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தம்பி அளந்த கோடோ வாயிலுக்கு அறுபத்திரண்டு சென்டிமீட்டர் மேலே, அந்தரத்தில் வந்து நின்றது.

"மச்சான் கையில கருவியைக் குடுத்தா மலைகூட ரெண்டடி வளருதுப்பா" என்றான் அவள் கணவன். சுண்டெலி விழுந்து விழுந்து சிரித்தான். தம்பியின் முகம் செத்துப்போனது. அவனுக்கு இருபத்தாறு வயது. ஏற்கெனவே இரண்டு வேலையில் கவனம் போதாது என்று வெளியே அனுப்பப்பட்டவன். இந்த வேலையை அக்காதான் சொல்லி வாங்கித் தந்திருந்தாள். "நான் சரியாத்தான்கா அளந்தேன்" என்று அன்றைக்கு மட்டும் நாலு தடவை சொல்லியிருப்பான்.

வீட்டுச் சண்டையைத் தொழிலில் வளர்க்க வேண்டாம் என்று அவள் அதைச் சுமுகமாக முடித்தாள். மென்பொருளில் அதற்கென்றே ஒரு வசதி உண்டு. பொருந்தாத மிச்சத்தைச் சுற்றில் இருக்கிற எல்லாக் கோடுகளுக்கும் பங்கு போட்டுவிடும். தொண்ணூற்றுச் சொச்சம் கோடுகள், ஒவ்வொன்றின் தலையிலும் முக்கால் சென்டிமீட்டர்கூட விழவில்லை. சுற்று நறுவிசாக மூடிக்கொண்டது. படம் பார்க்க லட்சணமாக இருந்தது. குடிநீர் அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாகக்கூடக் கேள்வி.

அதோடு விட்டாளா? கொட்டகைச் சுவரில் ஒரு அட்டையும் எழுதி ஒட்டினாள். இனிமேல் எந்தக் கோட்டையும் மூன்று தடவை அளக்க வேண்டும், மூன்றும் ஒத்துப்போகாமல் யாரும் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. அட்டை பொதுவாகத்தான் இருந்தது. அது யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும். தம்பி அதைப் படித்துவிட்டு அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

இன்றைக்குக் காலையில் வந்து நின்றவன், "முப்பத்தாறுல இருந்து முப்பத்தேழுக்கு மாமா அளந்த கோட்டை நான் மறுபடி அளக்கப்போறேன். தப்பு எங்க இருக்குன்னு பாத்துடலாம்" என்றான்.

"தாராளமா பாரு மச்சான். கட்டில்ல தூங்கிடாத" என்று சிரித்துக்கொண்டே கணவன் பேட்டரி வாங்க ஊருக்குள் வண்டியைக் கிளப்பிப் போனான். தம்பியும் சுண்டெலியும் உள்ளே போனார்கள்.

கூடத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கே முப்பத்தாறாம் புள்ளிக்குப் பக்கத்தில், ஓடை ஓரச் சுவரில், ஒரு பழைய போனை ஆணியில் மாட்டி, கொட்டகைவரை ஒயர் இழுத்திருந்தார்கள். பதினோரு மணிக்குக் கொட்டகை முனையில் இருந்த போன் அடித்தது.

"அக்கா, எழுதிக்கோ. தூரம் எட்டு புள்ளி தொண்ணூத்தேழு. திசை பழைய திசையேதான். ஏத்தம் இருபத்தாறு புள்ளி எட்டு அஞ்சு. சுண்டெலி கட்டில் மேல புள்ளியில லேசருக்கு அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறான்."

அவள் தட்டினாள். திரையில் முப்பத்தேழாம் புள்ளி சட்டென்று கீழே இறங்கியது. கணவன் அளந்தபோது அது முப்பத்தாறுக்கு நாலு மீட்டர் எண்பது உயரத்தில் இருந்தது. இப்போது நாலு மீட்டர் ஐந்து சென்டிமீட்டர்.

"எழுபத்தஞ்சு சென்டிமீட்டர் குறையுதுடா" என்றாள்.

தம்பி கூடமே அதிரக் கத்தினான். "டேய் சுண்டெலி! மாமா அளவுதான் தப்பாம்டா! எழுபத்தஞ்சு!" மேலே இருந்து நீளமாக ஒரு விசில் கேட்டது.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. சாயங்காலம் கணவனின் மூக்கு உடைபடுவதை நினைத்துக் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டாள். பங்கு போட்டதையெல்லாம் நீக்கி, புதிய எண்ணைப் போட்டு, சுற்றை மூடச் சொன்னாள். தப்பு கணவனுடையது என்றால் சரியான எண் விழுந்ததுமே இரண்டு முனையும் ஒட்ட வேண்டும்.

ஒட்டவில்லை. இந்தத் தடவை கோடு வாயிலுக்கு மேலே அல்ல, பதிமூன்று சென்டிமீட்டர் கீழே போய் முட்டியது.

அவள் நெற்றியைத் தேய்த்தாள். அறுபத்திரண்டு குறைந்திருந்தால் கணக்கு நேராகியிருக்கும். எழுபத்தைந்து குறைகிறது. பதிமூன்று அதிகம். "இன்னொரு தடவை எடுடா" என்றாள்.

"எடுப்பேன், எடுப்பேன். மூணு எடுக்கணும்ல? அட்டை ஒட்டியிருக்கியே." குரலில் எகத்தாளம் பொங்கியது. கருவியைத் துடைத்து, முக்காலியைச் சரிசெய்து, பத்து நிமிஷம் கழித்து மறுபடி படித்தான். "எட்டு தொண்ணூத்தாறு. இருபத்தாறு எழுபத்தி நாலு."

நாலு மீட்டர் மூன்று.

"இன்னொண்ணு."

அதற்கும் பத்து நிமிஷம். "எட்டு தொண்ணூத்தஞ்சு. இருபத்தாறு அறுபத்தி ரெண்டு. என்னக்கா, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வருது? பேட்டரி போயிடுச்சு போல."

நாலு மீட்டர் ஒன்று.

பேட்டரி இல்லை. கருவி கெட்டுப்போனால் எல்லாம் கெட வேண்டும். கணக்குப் போட்டால் படுக்கைவாட்டில் தூரம் மூன்று தடவையும் எட்டு மீட்டர், நூல் பிசகவில்லை. திசையும் பிசகவில்லை. உயரம் மட்டும் குறைகிறது, பத்து நிமிஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

யாருமே தப்பாக அளக்கவில்லை. கணவன் அளந்தபோது பாறை அங்கே இருந்தது. மழைக்காலத்தில் அது அறுபத்திரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது. தம்பி தொடங்கியது இறங்கிய பாறையிலிருந்து; மிச்சப் பதிமூன்று அதற்குப் பிறகு இறங்கியது. அவன் சரியாகத்தான் அளந்தான். அவன் சொன்ன நாலு தடவையும் அது உண்மை. பாறை பிடி விட்டுக்கொண்டிருக்கிறது என்று இந்தத் திரை இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதை அவள் கையால் எடுத்துத் தொண்ணூறு கோடுகளில் தடவி, தடம் தெரியாமல் அழித்திருந்தாள். அதற்குப் பிறகு மூன்று பேரும் அந்தக் கட்டில்மேல் எத்தனை நாள் சோறு தின்றிருப்பார்கள் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"தம்பி, சுண்டெலியை உடனே கீழ எறங்கச் சொல்லு. ரெண்டு பேரும் வெளிய வாங்க."

"ஏன்?"

"பாறை எறங்குதுடா. நீ அன்னிக்கு எடுத்த அளவு சரிதான். மாமா எடுத்ததும் சரிதான். கட்டில்தான் நகருது."

அவள் எதிர்பார்த்தது பதற்றம். வந்தது சிரிப்பு, இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த சிரிப்பு. "அப்ப நான் சரி! சொல்லு, இன்னொரு தடவை சொல்லு!"

"நீ சரிதான்டா. வெளிய வா."

"எப்படி வர்றது? மூணும் ஒத்துப்போகலையே. இப்படியே வந்தா மாமா என்ன சொல்லுவாரு? பேட்டரி வீக்கு, மச்சான் உளறுறான்னுவாரு. சுண்டெலி சிரிப்பான். நீயும் பங்கு போட்டு மூடிடுவ. புது பேட்டரி பையில இருக்கு. இன்னும் ஒரு அஞ்சாறு அளவு எடுத்து, நேரத்தோட எழுதிட்டு வரேன். ஒரு மணி நேரம். ஆதாரத்தோட வரேன்கா."

"ஆதாரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வந்துடுடா."

"பதினாயிரம் வருஷமா கிடக்குற பாறை இன்னும் ஒரு மணி நேரம் கிடக்காதா? உனக்கு உள்ள வரவே பயம், அதான் எல்லாத்துக்கும் பயப்படுற."

கெஞ்சினாள். திட்டினாள். அவளுடைய அட்டையையே அவளுக்குத் திருப்பிக் காட்டுகிறவனிடம் எதுவும் எடுபடவில்லை. பின்னால் சுண்டெலி பாட்டு முணுமுணுப்பது கேட்டது, பாறை மேலிருந்து. அந்த முணுமுணுப்பைக் கேட்டபோதுதான் அவளுக்கு அந்தப் பொய் தோன்றியது. சட்டென்று, தானாக, மிக நல்ல யோசனை மாதிரி வந்தது.

"டேய், மேல மழை கொட்டுதுடா. ஓடை நிரம்பிடுச்சு, வாயிலுக்குள்ள தண்ணி பாயுது. அதுக்குத்தான் சொல்றேன், உடனே கிளம்பு."

சிரிப்பு நின்றது. "எவ்வளவு?"

"முழங்கால் அளவு. ஏறிக்கிட்டே இருக்கு."

"சரிக்கா." குரலில் விளையாட்டே இல்லை. "சுண்டெலி! வெள்ளம்!" ரிசீவர் ஆணியில் மாட்டப்படாமல் சுவரில் மோதித் தொங்கும் சத்தம் கேட்டது. காலடிகள், கற்கள் உருளும் சத்தம். அவள் நாற்காலியில் சாய்ந்தாள். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது, வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை. ஒன்றரை மணி நேரத்தில் வந்து நிற்பான், மழை எங்கே என்று கேட்பான், ஆறு மாதம் பேசமாட்டான். பேசாமல் இருக்கட்டும், உயிரோடு இருந்துகொண்டு பேசாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

கணவனின் வண்டி வந்து நின்றது. பேட்டரிப் பெட்டியோடு உள்ளே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கினான். அவள் மூச்சு விடாமல் சொன்னாள்: மூன்று எண்கள், இறங்குகிற பாறை, அறுபத்திரண்டு. அவன் மறுத்துப் பேசவில்லை. திரையில் குனிந்து எண்களைப் படித்தான். "அய்யோ, நான் அவனை என்னவெல்லாம் சொன்னேன்" என்றான். அப்புறம், "கிளம்பிட்டாங்கல்ல?"

"கிளம்பிட்டாங்க. முதல்ல கேக்கவே இல்லைங்க. வெள்ளம் வருதுன்னு ஒரு பொய்யைச் சொன்னேன், உடனே போயிட்டான்."

பேட்டரிப் பெட்டி அவன் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"வெள்ளம்னா சொன்ன?"

"ஏன்?"

"வெள்ளம்னா யாரும் வெளிய வரமாட்டாங்க." அவன் கண் தலைக்கவசத்தைத் தேடியது. "ரெண்டு வழியுமே வாயில்கிட்ட அந்தத் தாழ்ந்த பொந்து வழியாத்தான் வெளிய வரும். அங்க தண்ணி புகுந்தா அவ்வளவுதான், செத்தாங்க. வெள்ளம்னு காதுல விழுந்தா வெளிய ஓடக் கூடாது, உள்ள இருக்குறதுலயே உசரமான எடத்துல ஏறி உக்காந்துக்கணும். தண்ணி வடியுற வரைக்கும் எது நடந்தாலும் கீழ எறங்கக் கூடாது. உள்ள போற எல்லாருக்கும் முதல் நாளே சொல்லிக் குடுக்குறது இதுதான்."

அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவள் உள்ளே போகிறவள் இல்லையே.

கூடத்தில் இருக்கிறதிலேயே உயரமான இடம் எது என்று அவன் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவள் அதைத் திரையில் ஆயிரம் தடவை சுழற்றிப் பார்த்திருக்கிறாள்.

அவன் தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது.

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்தினாள். லைன் திறந்தே இருந்தது. ஓடை பள்ளத்தில் விழுகிற சத்தம், அதற்கு மேலே, தூரத்தில், இரண்டு குரல்கள்.

"தண்ணி இன்னும் வரலையேடா" என்றான் சுண்டெலி.

"வரும். தள்ளி உக்காரு, எனக்கு எடம் விடு."

"தம்பி!" என்று கத்தினாள். "தம்பி, பொய்டா! தண்ணியெல்லாம் இல்ல! எறங்கு! கட்டிலைவிட்டு எறங்கு!" தொண்டை கிழிய, மின்விசிறிச் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். அந்தப் பக்கம் குரல்கள் நின்றன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் கீச்சுக்கீச்சுன்னு கத்துது" என்றான் சுண்டெலி. "அக்கா என்ன சொல்றாங்கன்னு ஒண்ணும் புரியல. போய் எடுக்கட்டுமா?"

"லூசா நீ? போன் ஓடை ஓரத்துல இருக்கு. அக்கா இந்தக் கத்து கத்துறான்னா தண்ணி உள்ள வந்துடுச்சுன்னு அர்த்தம். ஏறு, இன்னும் உச்சிக்கு ஏறு. நடுவுல வா."

இரண்டு ஜோடிக் கால்கள் பாறையில் நகர்ந்தன. மறுபடி கத்த வாயைத் திறந்தவள், தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு கத்தலும் அவனை அந்தப் பாறையில்தான் இன்னும் அழுத்தி உட்காரவைக்கும். பொத்திய வாய்க்குள் அழுதாள்.

"சத்தம் நின்னுடுச்சு" என்றான் சுண்டெலி கொஞ்ச நேரம் கழித்து.

"போன்ல தண்ணி ஏறியிருக்கும்."

"எனக்கு ஒரு சந்தேகம்டா. காத்துல ஈரமே இல்ல. எறங்கிப் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடவா?"

எங்கோ பொடிக்கற்கள் சரசரவென்று சரிந்து பள்ளத்துக்குள் விழுந்தன. அவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"பேசாம உக்காரு" என்றான் தம்பி. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவன் குரலில் அவள்மேல் கோபமே இல்லை. "எங்க அக்கா ஒரு விஷயம் சொன்னா சரியாத்தான் இருக்கும்."